ஸ்பீக்கருக்கும் ஆம்ப்புக்கும் இன்னும் பணம் போடலாமா? போடும் முன் செய்ய வேண்டியவை

மூன்று வருடத்தில் என் ஹாலில் இருக்கும் ஸ்டீரியோ செட்டுக்கு 1,97,000 ரூபாய் போட்டேன். ஸ்பீக்கர் 42,000, ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) 38,000. பிறகு வயர்கள் 21,000, டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏற்ற மின் அலையாக மாற்றும் பெட்டி) 24,000, கடைசியாகப் பெரிய ஆம்ப் ஒன்று 72,000. முதல் இரண்டை விட்டுவிடுங்கள். மற்ற மூன்றுக்கும் கொடுத்த 1,17,000 ரூபாய்க்குப் பாட்டில் ஒரு வித்தியாசமும் வரவில்லை. நான்காவது வருடம் 14,500 ரூபாயில் அறையைச் சரி செய்தேன். குறை முக்கால்வாசி தீர்ந்தது. அதற்கு அப்புறம்தான் 1,15,000 ரூபாய்க்குப் புது ஸ்பீக்கர் வாங்கினேன். ஒரே பொருளுக்கு நான் கொடுத்ததில் அதுதான் பெரிய தொகை. அதில் ஒரு ரூபாய்க்குக்கூட வருத்தமில்லை.

பாட்டு கேட்க அதிகப் பணம் போடுவது தப்பில்லை. எந்தக் குறைக்காக வாங்குகிறோம், அந்தக் குறையை இந்தப் பொருள் தீர்க்குமா, தீர்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது: இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் போடுவதுதான் தப்பு. வீட்டில் ஏற்கெனவே ஒரு ஜோடி ஸ்பீக்கரும் ஆம்ப்பும் இருந்து, அடுத்தது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்காக, நான் பட்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன். முழுதாகச் செய்ய இரண்டு மாதம் ஆகும். அவசரப்படாதீர்கள்.

1. குறையை ஒரே வரியில் எழுதுங்கள்

"இன்னும் நல்லா இருக்கலாம்" என்பது குறை ஆகாது. காதில் விழுவதை அப்படியே எழுத வேண்டும். என் நோட்டில் இருந்த வரி இது: "மிருதங்கத்தின் தொப்பியில் அடி விழுந்தால் 'ஊம்' என்று இழுக்கிறது. அடுத்த அடி விழும்வரை முந்தையது அடங்கவில்லை." (தொப்பி என்பது மிருதங்கத்தின் கனத்த நாதம் தரும் இடப்பக்கம்.) உங்களுடையது "பாடும் வார்த்தை புரியவில்லை" என்று இருக்கலாம், "சத்தம் கூட்டினால் காதைக் குத்துகிறது" என்று இருக்கலாம். ஒரு வரிக்கு மேல் வந்தால் இரண்டு குறையைக் கலக்கிறீர்கள் என்று அர்த்தம், பிரித்து எழுதுங்கள்.

எழுதிய பிறகு, உங்களுக்கு மனப்பாடமான 10 பாட்டுகளைப் பட்டியலிடுங்கள். கச்சேரிப் பதிவு இரண்டு, எண்பதுகளின் திரைப்பாடலில் பேஸ் கிட்டார் தெளிவாக ஓடுகிற ஒன்று, புதிய படப் பாடல் ஒன்று, வெறும் குரல் மட்டும் உள்ள ஒன்று என்று கலந்து இருக்கட்டும். கடைசிவரை எல்லாச் சோதனைக்கும் இதே பத்துதான்.

அந்தப் பத்தையும் ஓரளவு நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை கேளுங்கள். அதே குறை ஹெட்ஃபோனிலும் இருந்தால் அது பதிவின் குறை. பழைய பாடல்களைப் பின்னால் திரும்ப வெளியிடும்போது சத்தத்தை ஏற்றி, உச்சங்களை நசுக்கி விடுகிற வழக்கம் உண்டு. அதை எந்த விலை ஸ்பீக்கரும் நிமிர்த்தாது. ஹெட்ஃபோனில் குறை காணாமல் போனால் காரணம் உங்கள் அறையிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் என் டிஏசி செலவு 24,000 மிஞ்சியிருக்கும்.

2. 30 நாள் கணக்கு வையுங்கள்

ஒரு மாதம், எத்தனை மணி நேரம் கேட்டீர்கள் என்று தினமும் குறித்து வையுங்கள். இரண்டு பத்தி போதும்: உட்கார்ந்து கேட்டது, வேலை செய்துகொண்டே கேட்டது. நான் தினமும் இரண்டு மணி நேரம் கேட்கிறேன் என்று நினைத்திருந்தேன். நோட்டில் வந்தது மாதத்துக்கு 38 மணி நேரம். அதில் உட்கார்ந்து கேட்டது 21 தான்.

இப்போது வகுத்துப் பாருங்கள். புது ஸ்பீக்கர் 1,15,000, பழையதை விற்றால் 22,000. நிகரச் செலவு 93,000. பத்து வருடம், மாதம் 21 மணி என்றால் 2,520 மணி நேரம். மணிக்கு 37 ரூபாய் வருகிறது. எனக்கு அது கட்டுப்படியாகும் தொகை.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. மணி நேரத்தைக் கூட்டிப் போட்டால் எதையும் மலிவாகக் காட்டலாம். ஷோரூமில் சொல்லும் கணக்கும் இதுதான். அதே 21 மணி நேரத்தைப் பழைய ஸ்பீக்கர் இப்போதே செலவில்லாமல் தருகிறது என்பதை மறக்காதீர்கள். அந்த 37 ரூபாய் பாட்டுக்கான விலை கிடையாது, முதல் படியில் எழுதிய குறை தீர்வதற்கான விலை. குறை தீராவிட்டால் மணிக்கு ஐந்து ரூபாய் என்றாலும் வீண்.

3. காதைச் சோதித்துக்கொள்ளுங்கள்

நாற்பது வயது தாண்டியவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. வயது ஏற ஏற மேல்ஸ்தாயி அதிர்வெண்கள் கேட்பது குறையும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுக்கச் சில நூறு ரூபாயும் அரை மணி நேரமும் போதும். வழக்கமான சோதனை 8,000 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். ஒரு காதுக்கும் மறு காதுக்கும் வித்தியாசம் இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். எனக்கு இடது காதில் அழுக்கு அடைத்திருந்தது. அதை எடுத்ததும் "பாட்டு வலப்பக்கமே சாய்கிறது" என்று நோட்டில் எழுதியிருந்த இரண்டாவது குறை போய்விட்டது.

4. அறையைச் சரி செய்யுங்கள்

அதிகப் பலன் கிடைப்பதும் இங்கேதான், நாம் கடைசியாகப் போகிற இடமும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் அபார்ட்மெண்ட் ஹால்களுக்குச் சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. எல்லாப் பக்கமும் ஒலி மோதித் திரும்புகிறது. நடு ஹாலில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய பிறகு "ட்ரிங்" என்று ஒரு வால் கேட்டால், நீங்கள் வாங்கப் போகும் ஒவ்வொரு பொருளின் தெளிவையும் அந்த வால் தின்றுவிடும்.

பேஸுக்கு (கீழ்ஸ்தாயி ஒலிக்கு) ஒரு சின்ன வாய்ப்பாடு. 565-ஐ உங்கள் அறையின் நீளத்தால் வகுங்கள், அடிக் கணக்கில். என் ஹால் நீளம் 16 அடி: 35 ஹெர்ட்ஸ். அகலம் 11 அடி: 51. உயரம் ஒன்பதரை அடி: 59. இந்த எண்களிலும் இவற்றின் இரட்டிப்பு, மும்மடங்கிலும் அறை தானாகக் கூடச் சேர்ந்து பாடும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த வீக்கம் முழுதாகக் காதில் விழும். என் சோபா பின்சுவரைத் தொட்டுக்கொண்டுதான் கிடந்தது. 35-இன் இரட்டிப்பான 70 ஹெர்ட்ஸில், தொப்பி அடி விழும் இடத்தில், பெரிய மேடு. ஆம்ப்பை மாற்றி நான் தேடிக்கொண்டிருந்த "ஊம்" அதுதான்.

செய்ய வேண்டியவை, செலவில்லாததிலிருந்து ஆரம்பித்து:

சோபாவைப் பின்சுவரிலிருந்து மூன்று அடி முன்னால் இழுங்கள். எனக்கு அந்த மேடு சுமார் 8 டெசிபல் இறங்கியது. மூன்று அடிக்கு இடமில்லை என்றால் ஒன்றரை அடியாவது.

ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள்; பின்னால் இரண்டடி இடைவெளி இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும், நீங்கள் உட்காரும் தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ட்வீட்டர் (ஸ்பீக்கரில் மேல்ஸ்தாயி ஒலி தரும் சின்ன வட்டம்) உட்கார்ந்த நிலையில் காது உயரத்துக்கு வர வேண்டும். டிவி ஸ்டாண்டுக்கு உள்ளே, கண்ணாடி ஷோகேசுக்குள் ஸ்பீக்கரை வைத்திருந்தால், வேறு எதைப் பற்றியும் யோசிக்கும் முன் அதை வெளியே எடுங்கள்.

தரையில் கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்கு மடிப்பு நிறைந்த கனத்த திரை. கைதட்டலின் வால் பெரும்பாலும் இதிலேயே அடங்கும்.

அதற்கு மேல் தேவைப்பட்டால் ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகை. நான் 50 மில்லிமீட்டர் கனம், கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி உள்ள ராக்வூல் வாங்கி, 4 அடிக்கு 2 அடி மரச்சட்டத்தில் அடைத்து, பருத்தித் துணி சுற்றி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினேன். நான்கு பலகை. செலவு: ராக்வூல் 2,400, சட்டமும் தச்சர் கூலியும் 5,600, துணி 1,800, ஜமுக்காளம் 1,700, திரை 3,000. மொத்தம் 14,500. தச்சர் கிடைத்து வேலை முடியப் பத்து நாள் ஆனது. ராக்வூலை வெறும் கையால் தொடாதீர்கள், அரிக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, குழந்தைகளை வேறு அறையில் வைத்துவிட்டு வெட்டுங்கள்.

இங்கே இரண்டு ஏமாற்றம் காத்திருக்கும். முட்டை அட்டை, ஒரு அங்குல ஸ்பாஞ்ச் ஆகியவற்றால் பேஸுக்கு ஒரு பயனும் இல்லை. ஸ்பாஞ்ச் ட்ரெபிளை (மேல்ஸ்தாயி ஒலியை) மட்டும் தின்று அறையை மந்தமாக்கும். இரண்டாவது, நான் செய்த 50 மில்லிமீட்டர் பலகையும் 70 ஹெர்ட்ஸ் மேட்டைத் தொடாது. அதைக் குறைத்தது சோபாவின் இடமாற்றம்தான். பலகைகள் குரலின் தெளிவுக்கு.

அளக்க முடிந்தால் இன்னும் நல்லது. அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். அதோடு மினிடிஎஸ்பி யூமிக்-1 போன்ற, அளவு சரிபார்த்த யூஎஸ்பி மைக் வேண்டும். ஒருநாள் வேலைக்காக வாங்க வேண்டாம், இரவல் கேளுங்கள். இந்த ஆர்வம் உள்ளவர்கள் சந்தோஷமாக மைக்கோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வரைபடத்தில் மேடு தெரிந்தால் கணினியில் இருக்கும் ஈக்வலைசரால் (ஒலியின் ஒரு பகுதியை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி) அதை வெட்டலாம். பள்ளத்தை மட்டும் ஏற்ற முயலாதீர்கள். ஆம்ப்பின் சக்திதான் தீரும், பள்ளம் அப்படியே இருக்கும்.

இதையெல்லாம் செய்துவிட்டு இரண்டு வாரம் கேளுங்கள். பலருக்கு இத்தோடு தேடல் முடிந்துவிடும்.

5. மிச்சமிருக்கும் குறைக்கு எந்தப் பொருள்?

எனக்குத் தொப்பியின் இழுப்பு போனது. ஆனால் கனம் இல்லை. ஐந்து அங்குல வூஃபர் (ஸ்பீக்கரில் பேஸ் தரும் பெரிய வட்டம்) கீழ் ஒலிகள்வரை இறங்கவில்லை. குறை ஸ்பீக்கரில் என்று அப்போதுதான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. நான் இப்போது நம்பும் வரிசை: அறை, ஸ்பீக்கர், பிறகு ஆம்ப், பிறகு மற்றவை.

ஸ்பீக்கர்: பட்ஜெட்டில் பாதிக்கு மேல் இதற்கே போகலாம். ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்கும்.

ஆம்ப்: எத்தனை வாட் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 87; மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து சுமார் 80. உச்சத்தில் 95 டெசிபல் வேண்டும் என்றால் இன்னும் 15 டெசிபல் தேவை, அது 32 வாட். ஆக, சாதாரண ஹாலுக்கு நேர்மையான 50 வாட் போதும். 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். பெட்டியில் பிஎம்பிஓ (கண நேர உச்சம் என்று விளம்பரத்துக்குச் சொல்லும் எண்) என்று போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான வாட்டை நம்பாதீர்கள். ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) எவ்வளவு, எத்தனை ஓமில் என்று கேளுங்கள். 4 ஓம் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை 2.83 வோல்ட்டில் சொல்லியிருந்தால் அது இரண்டு வாட்டுக்கான எண். 3 டெசிபல் கழித்துக்கொள்ளுங்கள்.

வயர்: எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஃப்ளெக்ஸிபிள் வயர். ஐந்து மீட்டர் ஓட்டத்தில், போய் வரும் இரண்டு கம்பியும் சேர்த்து அதன் மின்தடை 0.08 ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு சதவீதம். மீட்டர் சில பத்து ரூபாய் வயருக்கு மேல் நான் கொடுத்த 21,000-க்கு என்ன கிடைத்தது என்று தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை.

டிஏசி, உயர் ரெசல்யூஷன் பதிவுகள்: சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்ற அளவே மனிதக் காதுக்குப் போதுமானது. 2007-இல் மேயர், மொரான் என்ற இருவர் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் வெளியிட்ட சோதனையில், உயர் ரெசல்யூஷன் ஒலியையும் அதையே சிடி தரத்துக்குக் குறைத்ததையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். உங்கள் பழைய டிஏசியில் இரைச்சலோ, விட்டு விட்டு வருவதோ இருந்தால் மாற்றுங்கள், மற்றபடி வேண்டாம்.

சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான தனி ஸ்பீக்கர்): கனம் சேர்க்க மலிவான வழி. ஆனால் அபார்ட்மெண்டில் கீழ்ப் பேஸ் தளத்தின் வழியே பக்கத்து வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் போகும். குடியிருப்புப் பகுதிக்கு ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. வாங்கும் முன் கீழ் வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். நான் சப்வூஃபர் வாங்காததற்குக் காரணம், கீழ் வீட்டில் கைக்குழந்தை.

6. கண்ணுக்குத் தெரியாமல் கேட்டுப் பாருங்கள்

விலையும் தோற்றமும் தெரிந்தால் காது அதற்கேற்பக் கேட்கும். இது யாருடைய பலவீனமும் இல்லை, எல்லாருக்கும் அப்படித்தான். ஒலித் துறையில் வேலை செய்கிறவர்களை வைத்து ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் செய்த சோதனையிலும், பார்த்துக்கொண்டு கேட்டபோது கொடுத்த மதிப்பெண் பார்க்காமல் கேட்டபோது மாறியது.

இரண்டு ஆம்ப்பையோ டிஏசியையோ ஒப்பிட வீட்டிலேயே செய்யும் முறை:

முதலில் சத்தத்தைச் சமன் செய்யுங்கள். கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருப்பது எப்போதும் "நல்லா இருக்கு" என்றே தோன்றும். 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரால் ஏசி வோல்ட் பாருங்கள். இரண்டுக்கும் ஒரு சதவீதத்துக்குள் வர வேண்டும். 2 வோல்ட் என்றால் 0.02-க்குள்.

உதவிக்கு ஒருவர் வேண்டும். அவர் முன்கூட்டியே நாணயம் சுண்டி 16 வரியில் ஏ, பி என்று எழுதி வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் பார்க்காதபடி மாற்றட்டும், பேசக் கூடாது; முகம் தெரிந்தாலே விடை தெரிந்துவிடும். 16-இல் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். குருட்டு யோசனையில் 12 அல்லது அதற்கு மேல் வர நூற்றில் நான்கு வாய்ப்புதான். வயரை மாற்றி மாற்றிப் பொருத்துவதால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் ஆம்ப்பை அணைத்துவிட்டே வயரைத் தொடுங்கள்.

என் மகள்தான் மாற்றிக் கொடுத்தாள். 38,000 ஆம்ப்புக்கும் 72,000 ஆம்ப்புக்கும் நடுவே நான் சரியாகச் சொன்னது 16-இல் 9. "அப்பா, பேசாம சின்னதையே வெச்சுக்கோங்கப்பா" என்றாள். பெரியதை 51,000-க்கு விற்றேன். வாங்கும் முன் இதைச் செய்ய வழி இருந்தது: நண்பரிடமிருந்து ஒருநாளைக்கு ஆம்ப் கேட்டிருந்தால் போதும். நீங்கள் கேளுங்கள்.

7. ஷோரூமில்

உங்கள் பத்துப் பாட்டையும் பென்டிரைவில் கொண்டுபோங்கள். அவர்கள் போட்டுக் காட்டும் பாட்டு எந்தப் பெட்டியிலும் நன்றாகவே இருக்கும். வார நாளில் காலை போங்கள். சனி, ஞாயிறில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார விடமாட்டார்கள். முன்பே போன் செய்து, உங்களிடம் இருக்கும் அதே அளவு ஆம்ப்பில் இணைத்துத் தரச் சொல்லுங்கள். மூன்று லட்ச ரூபாய் ஆம்ப்பில் கேட்டுவிட்டு வீட்டில் சின்ன ஆம்ப்பில் போட்டால் எதை ஒப்பிட்டீர்கள் என்றே தெரியாது.

இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது போனில் டெசிபல் மீட்டர் செயலியை வைத்துச் சத்தத்தைச் சமன் செய்யச் சொல்லுங்கள். தயங்காமல் கேளுங்கள், நல்ல கடைக்காரர் செய்வார். அன்றே முன்பணம் கட்டாதீர்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை போய்க் கேளுங்கள்.

"200 மணி நேரம் ஓடினால்தான் சத்தம் திறக்கும்" என்று சொல்வார்கள். இதில்தான் நான் ஒருமுறை மாட்டினேன். அந்த 200 மணி நேரம் முடிவதற்குள் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது, கடை கையை விரித்துவிட்டது. முதல் வாரத்தில் பிடிக்கவில்லை என்றால் திருப்பிவிடுங்கள்.

8. வீட்டில் பேசுங்கள்

ஒளித்து வாங்காதீர்கள், விலையைக் குறைத்தும் சொல்லாதீர்கள். முதல் மூன்று வருடம் நான் விலையைப் பாதியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. 1,15,000-க்கு முன் ஒரே ஒரு தாள் எழுதி மனைவியிடம் கொடுத்தேன். அதில் இருந்தவை: குறை என்ன, செலவில்லாமல் என்னவெல்லாம் செய்து பார்த்தேன், எந்தப் பொருள், ஏன் அதைவிட விலை குறைந்தது போதாது, மொத்தத் தொகை, பணம் எங்கிருந்து வருகிறது, எதை விற்கிறேன், இதற்குப் பிறகு எத்தனை வருடம் எதுவும் வாங்கமாட்டேன்.

"விலை குறைந்தது ஏன் போதாது" என்ற வரிதான் கஷ்டமானது. அதை எழுத மூன்று ஷோரூம் ஏறி 65,000, 80,000 விலையில் இருந்தவற்றையும் கேட்டேன். 80,000 ஸ்பீக்கர் குரலில் சமமாகவே இருந்தது, தொப்பியில்தான் தோற்றது. அதை அப்படியே எழுதினேன். அவள் படித்துவிட்டுக் கேட்டது ஒன்றே: "நானும் வந்து கேக்கலாமா?" சேர்ந்து போனோம், நான் பார்த்து வைத்திருந்ததைவிட அகலம் குறைந்த மாடல் ஒன்றை, ஹாலில் நடக்க இடம் வேண்டும் என்று அவள்தான் தேர்ந்தெடுத்தாள். வேலை பார்க்கும் பிள்ளையாக இருந்து அப்பா அம்மாவோடு இருந்தாலும் இந்தத் தாளை எழுதுங்கள்.

அவசரத் தேவைக்கென்று ஒதுக்கிய பணத்தையும், வருகிற கல்விக் கட்டணத்தையும் தொடாமல் தொகை சேரவில்லை என்றால் தாளை மடித்து வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுங்கள்.

9. பணம், பில், நேரம்

விலையில் ஜிஎஸ்டி 18 சதவீதம் அடங்கியிருக்கும். 1,15,000-இல் வரி மட்டும் 17,500-க்கு மேல். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன் சார்" என்று கேட்கும் இடம் இது. ஒப்புக்கொள்ளாதீர்கள், பில் இல்லாவிட்டால் வாரன்டி இல்லை, புகாரும் இல்லை. பில்லில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்கிறதா என்று கடையை விட்டு வெளியே வரும் முன் பாருங்கள்.

"வட்டியில்லாத் தவணை" என்பதிலும் செலவு உண்டு. வட்டியைத் தள்ளுபடியாகத் தருவார்கள், ஆனால் கிரெடிட் கார்டு வங்கி அந்த வட்டியின் மேல் 18 சதவீத வரி போடும். 1,15,000-ஐ ஆறு மாதத் தவணையில், 16 சதவீத வட்டிக் கணக்கில் போட்டால் அந்த வரி சுமார் 935 ரூபாய். செயல்முறைக் கட்டணம் 199-உம் அதன் வரியும் சேர்த்தால் சுமார் 1,170. அதோடு, முழுப் பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் பெரும்பாலும் கிடைக்காது. இரண்டு விலையையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

தீபாவளிச் சலுகைக்குக் காத்திருக்கலாம். அதைவிட நல்ல விலை, புது மாடல் வந்து பழையது ஷோரூமில் நிற்கும்போது கிடைக்கும். ஷோரூமில் போட்டுக் காட்டிய டெமோ ஜோடியைக் கேட்டால் இன்னும் குறையும்; முழு வாரன்டி உண்டு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

10. வெளிநாட்டிலிருந்தும் பழையதாகவும் வாங்கினால்

அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்தால் பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படித்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். நியூ ஜெர்சியிலிருந்து மச்சான் ஆசையாகக் கொண்டுவந்த ஆம்ப் 120 வோல்ட். நான் 230-இல் செருகினேன். பவர் சப்ளை கருகியது, பழுதுபார்க்க 6,800 ரூபாய். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் ஆம்ப் எடுக்கும் சக்தியைப் போல இரண்டு மடங்கு திறனில். இங்கே வாரன்டியும் பெரும்பாலும் செல்லாது. வயர் இணைப்பு மட்டுமே உள்ள ஸ்பீக்கருக்கு இந்தத் தொல்லை இல்லை.

பழைய ஸ்பீக்கரில் கோனைச் சுற்றியுள்ள விளிம்பைப் பாருங்கள். ஃபோம் என்றால் நம் ஊர் ஈரத்தில் உதிரும், ரப்பர் நீடிக்கும். கோனை விரல்களால் சமமாக மெதுவாக அழுத்துங்கள், உரசும் சத்தம் வரக் கூடாது. ஆம்ப் என்றால் வால்யூமைத் திருகும்போது கரகரப்பு இருக்கிறதா பாருங்கள். ஸ்பீக்கர் முனையில் டிசி 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். ஓடவிட்டுக் கேட்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

11. பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு

பிரிப்பதை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். சீரியல் எண் பில்லோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பில், வாரன்டி அட்டை, சீரியல் எண், பணம் கட்டிய ரசீது நான்கையும் படமெடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்புங்கள். அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் எறியாதீர்கள். விற்கும்போதும் சர்வீசுக்கு அனுப்பும்போதும் அவை வேண்டும்.

இணைத்ததும் "ம்ம்" என்று இரைச்சல் வந்தால் பொருளைக் குறை சொல்லும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

கோளாறு இருந்து கடை கண்டுகொள்ளாவிட்டால் முதலில் எழுத்தில் புகார் அனுப்பித் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

திருப்பிக் கொடுக்கக் கடைசி நாள் எது என்று பில்லிலேயே எழுதி வாங்கி, அதற்கு இரண்டு நாள் முன்பாகப் போனில் அலாரம் வையுங்கள். அன்று சாயங்காலம் பத்துப் பாட்டையும் வரிசையாகப் போடுங்கள், முதல் படியில் எழுதிய வரியைக் கையில் வைத்துக்கொண்டு. அந்தக் குறை இன்னும் கேட்டால் மறுநாள் காலையே பெட்டியைக் கட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள்.